அனிமே பொண்ணுங்க கண்ணு ஏன் இவ்ளோ பெருசு?

உங்க இன்ஸ்டா டிபியில பெரிய கண்ணு, குட்டி மூக்கு, பிங்க் கூந்தலோட ஒரு அனிமே பொண்ணு சிரிக்கிறாங்களா? இந்த வகைக் கதாபாத்திரத்துக்கு ஜப்பானில் 'பிஷோஜோ' என்று பெயர். அழகான இளம்பெண் என்று அர்த்தம். நவோகோ டகேயுச்சி 1991-ல் தொடங்கிய 'செய்லர் மூன்' காமிக்ஸின் ஜப்பானியத் தலைப்பே இந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்கும்.

சரி, கண்ணு மட்டும் ஏன் அவ்ளோ பெருசு? டிஸ்னி படங்களையும், பெண்களே ஆண் வேஷமும் கட்டும் டகாரசுகா மேடை நிகழ்ச்சிகளையும் பார்த்து வளர்ந்தவர் ஒசாமு டெசுகா. 1953-ல் அவர் தொடங்கிய 'பிரின்சஸ் நைட்' நாயகிக்குப் பளபளக்கும் பெரிய கண்கள். வெட்கம், கோபம், அழுகை எல்லாத்தையும் கண்ணே சொல்லிடும். மூக்குக்கு ஒரு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு போதும். டிவி அனிமேஷனில் இது செலவையும் குறைத்தது. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு இமையையும் வாயையும் மட்டும் மாற்றி வரைந்தால் வேலை முடிந்தது.

நமக்கும் இது புதுசு இல்லை. ஓவியர் மாருதி வரைந்த பெண்கள் பற்றி அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. அந்தக் கண்களை வைத்தே 'இது மாருதி படம்'னு சொல்லிடுவாங்க.

இன்னொரு ரகசியம். ஒரே அனிமேயில் வரும் நாலு பொண்ணுங்களோட கூந்தலை மறைச்சுப் பாருங்க. பல நேரம் யார் யாருன்னே தெரியாது! முடி, ரிப்பன், டிரெஸ்... அடையாளமே அதுதான். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தது. பூந்தமல்லியிலிருந்து நேர் ரோடுதான். அடுத்த முறை காஸ்ப்ளே பண்ண ஆசையா? விக்கும் டிரெஸ்ஸும் சரியா அமைஞ்சா போதும். உங்க நிறத்தையோ மூக்கையோ மாத்தவே வேண்டாம்.

ஆனா, ஆவடி லோக்கல்ல உட்கார்ந்து செல்ஃபிக்கு அனிமே ஃபில்டர் போடுறப்ப நடக்கிறது வேற. கண்ணை இழுத்து, தாடையைச் சுருக்கி, நிறத்தை வெளுத்துக் காட்டும். அதைப் பார்த்துட்டுக் கண்ணாடியைப் பார்த்தா மனசு சோர்ந்துடும். வரைவதற்கு வசதியாகக் கண்டுபிடித்த முகம் அது. எந்த நாட்டுலயும், ஜப்பான்லயும்கூட, யாருக்கும் அந்த முகம் கிடையாது.

செய்லர் மூன் நாயகி உசாகியையே எடுத்துக்கோங்க. அழுமூஞ்சி, மார்க் கம்மி, ஸ்கூலுக்கு தினமும் லேட். ரசிகர்கள் மனசுல அவ நின்னதுக்குக் கண்ணோட சைஸ் மட்டுமா காரணம்? பயந்துக்கிட்டே இருந்தாலும் தோழிகளுக்காக முன்னாடி வந்து நிக்கிறாளே, அதுதான்!