24 மணி நேரமும் ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டர்: 9 வாட் போதும்!

எங்கள் வீட்டு ஹால் மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. 2009ல் அசெம்பிள் செய்தது. கோர் 2 டுயோ பிராசசர், 4 ஜி.பி. ராம். நல்ல நிலையில் இருக்கும் மெஷினைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதில் லினக்ஸ் பதிந்து, வீட்டில் எல்லோருடைய செல்போன் போட்டோக்களும் வந்து சேரும் இடமாக மாற்றியிருந்தேன். பாட்டுகளும் பழைய வீடியோக்களும் அதில்தான்.

"ஏம்ப்பா, யாருமே முன்னாடி உட்காராத பொட்டி எதுக்கு ராத்திரி பூரா ஓடுது?" என்று அம்மா அடிக்கடி கேட்பார். "அது சும்மாதாம்மா இருக்கு, கரண்ட் பெருசா இழுக்காது" என்று சொல்லி வந்தேன். 2023 கோடையில் வந்த மின்கட்டண பில்லை என் மனைவி மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனபோதுதான், நான் சொன்னது சரிதானா என்று அளந்து பார்க்கத் தோன்றியது.

முதலில் அளந்து பாருங்கள்

சுவர் பிளக்கிற்கும் கருவிக்கும் நடுவில் செருகும் சின்ன வாட் மீட்டர் ஒன்று வாங்கினேன். மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை, எந்த வேலையும் நடக்கவில்லை. மீட்டர் காட்டியது 78 வாட்!

78 வாட் என்றால் ஒரு பழைய குண்டு பல்பு அளவுதானே என்று நினைக்கலாம். ஆனால் குண்டு பல்பை நாம் 24 மணி நேரமும் எரிய விடுவதில்லை. இரண்டு மாதத்திற்கு, அதாவது 60 நாளைக்கு, 1440 மணி நேரம். 78ஐ 1440ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 112 யூனிட். சும்மா நிற்பதற்கு மட்டும் இவ்வளவு!

இதை மனதில் வைத்துக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. எப்போதும் ஓடும் கருவியில் ஒவ்வொரு வாட்டும் இரண்டு மாதத்திற்குக் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். வருடத்திற்கு ஏறத்தாழ 9 யூனிட். மின்கட்டணம் படிக்கட்டு முறையில் ஏறும் இடங்களில், இப்படிக் கூடுதலாகச் சேரும் யூனிட்கள் நம் பில்லின் மேல் படியில் போய் உட்காரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாட் மீட்டர் இல்லையா? வீட்டு மின் மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். 1125ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 15 விநாடிக்கு ஒரு முறை மின்னினால் 75 வாட். ஃபிரிட்ஜையும் இன்வர்ட்டரையும் அணைக்க மறந்துவிட்டால் கணக்கு தப்பாகும்.

நான் செய்த தவறு

வாட்டைக் குறைப்பதே குறி என்று, உள்ளங்கை அளவு சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். மெமரி கார்டிலிருந்து பூட் ஆகும். 4 வாட்தான். பழைய பெட்டியை அணைத்துவிட்டு, போட்டோக்களையும் அந்தக் கார்டிலேயே சேமிக்க ஏற்பாடு செய்தேன். பில் இறங்கியது. எனக்கும் பெருமை.

அந்த ஆவணியில் என் மகளுக்குக் காதுகுத்து. போன்களில் இடமில்லை என்று, போட்டோக்கள் 'சர்வரில்' ஏறியதும் போன்களில் அழித்துவிட்டோம். ஐப்பசி மழையில் ஒரே நாளில் நாலைந்து முறை கரண்ட் போய் வந்தது. அதன் பிறகு அந்த மெஷின் எழவில்லை. கார்டை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் படிக்க முடியவில்லை. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த, அளவு சுருங்கிய முப்பது படங்கள்தான் மிஞ்சின. என் அப்பா பேத்தியை மடியில் வைத்திருக்கும் படம் அந்த முப்பதில் இல்லை.

காரணம் என்ன? இயங்கிக்கொண்டிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் லாக் ஃபைல்களை ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். சாதாரண மெமரி கார்டு கேமராவுக்காக வடிவமைக்கப்பட்டது. எந்தத் தகவல் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலையும் அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால், ஒரு ஃபைல் மட்டுமல்ல, முழுக் கார்டுமே போகலாம். ஆனால் பெரிய தவறு கார்டுடையது அல்ல. ஒரே ஒரு பிரதியை நம்பியது நான்.

வாட் எங்கே போகிறது?

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. பழைய பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன். அதில் தெரிந்துகொண்டது: பிராசசரின் வாட்டை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

விளம்பரங்களில் வரும் டி.டி.பி. என்ற எண், தொடர்ந்து வேலை செய்யும்போது பிராசசரில் உண்டாகும் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்பதற்கான கணக்கு. நம் வீட்டு மெஷின் நாளில் 23 மணி நேரம் சும்மா இருக்கும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது, சும்மா இருக்கும்போது முழு மெஷினும் சுவரிலிருந்து எடுக்கும் வாட்.

இதற்கு நல்ல உதாரணம் 2008ல் வந்த இன்டெல் ஆட்டம் 230. அதன் டி.டி.பி. வெறும் 4 வாட். ஆனால் அதோடு மதர்போர்டில் வந்த 945ஜி.சி. சிப்செட்டின் டி.டி.பி. 22 வாட்! அந்த போர்டில் பிராசசருக்கு ஃபேன் இல்லை, சிப்செட்டுக்கு ஃபேன் இருந்தது. 4 வாட் என்று நம்பி வாங்கியவர்கள் மீட்டரைப் பார்த்து ஏமாந்தார்கள்.

அடுத்தது பவர் சப்ளை. 2004ல் தொடங்கிய '80 பிளஸ்' அடிப்படைச் சான்றிதழ் 20, 50, 100 சதவிகிதச் சுமையில்தான் திறனை அளக்கிறது. 12 வாட் எடுக்கும் மெஷினுக்கு 450 வாட் பவர் சப்ளை வைத்தால் அது 3 சதவிகிதச் சுமை கூட இல்லை. அவ்வளவு குறைந்த சுமையில் கணிசமான பகுதி வெப்பமாகவே வீணாகும். ஐந்து பேருக்குச் சமைக்கக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுவது போலத்தான்.

மூன்றாவது ஹார்ட் டிஸ்க். 3.5 அங்குல டிஸ்க் சும்மா சுழலவே 4 முதல் 8 வாட் வரை எடுக்கும். லேப்டாப்பில் வரும் 2.5 அங்குல டிஸ்க் ஏறத்தாழ ஒரு வாட். எஸ்.எஸ்.டி. அதைவிடக் குறைவு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

நான் சேர்த்த மெஷின்

2024 தொடக்கத்தில் இப்படி அசெம்பிள் செய்தேன்:

- இன்டெல் என்100 பிராசசர் பதித்த மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டு. 2023ல் வந்த பிராசசர் இது. நான்கு கோர், டி.டி.பி. 6 வாட். போர்டு 17 செ.மீ. சதுரம். 12 வோல்ட் அடாப்டரை நேராகச் செருகும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். இதனால் பெரிய பவர் சப்ளையே தேவையில்லை.
- 8 ஜி.பி. ராம், ஒரே ஸ்டிக். இந்தப் பிராசசருக்கு மெமரி சேனல் ஒன்றுதான்.
- ஆபரேட்டிங் சிஸ்டத்திற்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.
- போட்டோக்களுக்கு, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 1 டி.பி. டிஸ்க். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகே பயன்படுத்தினேன்.
- 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். சும்மா இருக்கும்போது தேவை குறைவுதான். ஆனால் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் மின்சாரம் அதிகம் இழுக்கும்.

சும்மா இருக்கும்போது 9 வாட், முழு வேலையில் 22 வாட் என்று மீட்டர் காட்டியது. இரண்டு மாதத்திற்கு 13 யூனிட். பழையதோடு ஒப்பிட்டால் 99 யூனிட் மிச்சம்.

ஃபேன் இல்லாமலும் ஓடும். ஆனால் மதுரை சித்திரை வெயிலை யோசித்து, மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் ஒன்றை வைத்தேன். மூடிய ஷோகேஸுக்குள் இப்படிப்பட்ட மெஷினை வைக்காதீர்கள்.

செய்ய வேண்டிய செட்டிங்குகள்

பயாஸில் இரண்டு விஷயம். ஒன்று, 'சி ஸ்டேட்ஸ்' எனேபிள் ஆகியிருக்க வேண்டும். பிராசசர் சும்மா இருக்கும்போது ஆழ்ந்து தூங்குவது இதனால்தான். இரண்டு, கரண்ட் போய் வந்ததும் மெஷின் தானே ஆன் ஆகும்படி 'ஏ.சி. பவர் லாஸ்' என்ற இடத்தில் 'பவர் ஆன்' என்று மாற்றுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஊரில் இல்லாதபோது மெஷின் அணைந்தே கிடக்கும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் டெபியன் லினக்ஸ், டெஸ்க்டாப் திரை இல்லாமல். பவர்டாப் என்ற இலவச புரோகிராம், பிராசசரைத் தூங்கவிடாமல் அடிக்கடி எழுப்புவது எது என்று காட்டிக்கொடுக்கும். ஃபைல்களைப் பகிர சாம்பா, போன்களிலிருந்து போட்டோக்கள் தானாக வர சிங்க்திங். இரண்டும் இலவசம். வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டி இன்டர்நெட்டுக்கு எதையும் திறந்து வைக்க வேண்டாம்.

பழைய மெஷினில் விண்டோஸ் 10 வைத்து ஓட்டுபவர்கள் கவனிக்க: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினை நாள் முழுவதும் நெட்டில் வைத்திருப்பது நல்லதல்ல.

கரண்ட் போனால்?

வாட் குறைந்ததில் எதிர்பாராத இன்னொரு லாபம். என்னுடைய 600 வி.ஏ. யூ.பி.எஸ். பழைய மெஷினைக் கால் மணி நேரம்தான் தாங்கும். புதியதை இரண்டு மணி நேரத்திற்கு மேல் தாங்குகிறது. ஆனால் யூ.பி.எஸ். தானே 6 வாட் சாப்பிடுகிறது, அதையும் கணக்கில் சேருங்கள். ரௌட்டருக்காக விற்கும் சின்ன 12 வோல்ட் யூ.பி.எஸ். இதற்கு ஆகுமா என்று சிலர் கேட்கிறார்கள். அது 2 ஆம்பியர் கொடுப்பதாக இருந்தால் மொத்தம் 24 வாட்தான். டிஸ்க் உள்ள மெஷினுக்குப் போதாது.

செலவு எப்போது திரும்பும்?

இதில் ஒளிவு மறைவு வேண்டாம். எனக்கு ஆன செலவு 15,000 ரூபாய். மேல் படியில் யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் இரண்டு மாதத்திற்கு 600 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப நான்கு வருடத்திற்கு மேல் ஆகும். எனவே கடைக்குப் போகும் முன் இரண்டு வழிகளைப் பாருங்கள்.

முதல் வழி, வீட்டில் ஓரமாகக் கிடக்கும் லேப்டாப். ஸ்கிரீன் உடைந்தது என்றாலும் பரவாயில்லை. நண்பர் ஒருவரின் பழைய லேப்டாப் திரை அணைந்த நிலையில் 11 வாட்தான் எடுத்தது. எப்போதும் சார்ஜில் இருந்தால் பேட்டரி உப்பிவிடக்கூடும். பயாஸில் சார்ஜ் அளவைக் குறைக்க வழி இருந்தால் குறையுங்கள். உப்பத் தொடங்கினால் உடனே கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. இரவு 12 முதல் காலை 6 வரை பழைய மெஷினை அணைத்து வையுங்கள். என் பழைய மெஷினில் அப்படிச் செய்திருந்தாலே இரண்டு மாதத்திற்கு 28 யூனிட் மிச்சமாகியிருக்கும்.

கடைசியாக, முக்கியமாக

இப்போது எங்கள் வீட்டில் ஒரு விதி. போட்டோ மூன்று இடத்தில் இருந்தால்தான் போனில் அழிக்கலாம். ஒன்று இந்த மெஷினில். இரண்டாவது, ஞாயிறுதோறும் செருகி, நகல் எடுத்ததும் கழற்றிவிடும் எக்ஸ்டர்னல் டிஸ்கில். மூன்றாவது, ஊருக்குப் போகும்போதெல்லாம் புதுப்பித்து அக்கா வீட்டு பீரோவில் வைக்கும் டிஸ்கில். கழற்றி வைத்த டிஸ்க் ஒரு வாட் கூட எடுப்பதில்லை!

அம்மா இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பெட்டி ஓடும் சத்தமே அவருக்குக் கேட்பதில்லை. அப்பாவும் பேத்தியும் இருக்கும் பழைய படம் திரும்பக் கிடைக்கவில்லை. அதன் பிறகு அப்பா எடுத்துக்கொண்ட ஒவ்வொரு படமும் மூன்று இடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டு மூலையில் ஓடும் பெட்டியை இந்த வாரமே அளந்து பாருங்கள். அதில் உள்ளவற்றுக்கு இரண்டாவது பிரதி இருக்கிறதா என்பதை அதற்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.