ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றது யார்?



போன இதழில் பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தங்க, கார்ட்டூன் எல்லாமே பொம்மை விற்கிறதுக்கான அரைமணி நேர விளம்பரம்தான் என்று எழுதியிருந்தாங்க. படிச்சதும் எனக்குக் கோபம் வந்துருச்சு. ஏன்னா, என் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், நான் ஒரு 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' பைத்தியம். 1984-இல் ஆரம்பித்த பழைய தொடரின் 98 எபிசோடுகளையும் ஒன்று விடாமல் பார்த்தவன்.

அக்காவுக்குப் பதில் எழுதியே தீரணும்னு உட்கார்ந்தேன். அதுக்காகத் தேடிப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சங்கடம். அக்கா சொன்னது பெரும்பாலும் சரி! ஆனா முழுசா சரியில்லை. அந்த மிச்சம் என்னங்கிறதைத்தான் இங்கே எழுதியிருக்கேன். பொறுமையா நின்னு படிங்க. பெல் அடிச்சா மீதியை அடுத்த இடைவேளையில் படிக்கலாம்.

கதை தெரியாதவர்களுக்கு

சைபர்ட்ரான் என்று ஒரு கிரகம். அங்கே இருக்கிற எல்லோரும் இயந்திரங்கள், ஆனா உயிருள்ளவர்கள். அவர்களில் இரண்டு கட்சி. நல்லவர்கள் ஆட்டோபாட்டுகள், தலைவர் ஆப்டிமஸ் பிரைம். கெட்டவர்கள் டிசெப்டிகான்கள், தலைவர் மெகாட்ரான். சண்டை போட்டுக்கிட்டே பூமிக்கு வந்து விழுந்துடறாங்க. இங்கே கார், லாரி, விமானம் என்று உருமாறி ஒளிஞ்சுக்குவாங்க. ஆப்டிமஸ் ஒரு சிவப்பு லாரி. அவ்வளவுதான் கதை.

பொம்மை முதலில், கதை பிறகு

நாம என்ன நினைப்போம்? முதலில் கார்ட்டூன் வந்தது, அது ஹிட் ஆனதும் பொம்மை வந்தது என்று. இங்கே எல்லாம் தலைகீழ்.

ஜப்பானில் டக்காரா என்று ஒரு பொம்மைக் கம்பெனி. அவர்கள் 'டயாகுளோன்', 'மைக்ரோ சேஞ்ச்' என்று இரண்டு வரிசையில் உருமாறும் பொம்மைகளை விற்றுக்கிட்டிருந்தாங்க. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி அதைப் பார்த்து வாங்கி, இரண்டையும் கலந்து ஒரே பெயரில் விற்க முடிவு செய்தது. ஆனா அந்தப் பொம்மைகளுக்கு நமக்குத் தெரிந்த பெயரும் கிடையாது, குணமும் கிடையாது. டயாகுளோன் ரோபோக்கள் வெறும் வண்டிகள். உள்ளே குட்டி மனித பொம்மை உட்கார்ந்து ஓட்டும். பழைய பொம்மைகள் சிலவற்றில் சீட் இருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

அதனால் மார்வெல் காமிக்ஸ்காரர்களிடம் போனாங்க. பாப் புடியான்ஸ்கி என்பவர்தான் நிறைய பாத்திரங்களுக்குப் பெயர் வைத்து, இவன் கோபக்காரன், இவன் பயந்தாங்கொள்ளி என்று குணமும் எழுதினார். 'மெகாட்ரான்' என்ற பெயரை ஹாஸ்ப்ரோவில் ரொம்ப பயங்கரமா இருக்குன்னு சொன்னாங்களாம். வில்லன்னா பயங்கரமாத்தானே இருக்கணும் என்று இவர் சொல்ல, பெயர் நிலைத்துவிட்டது. ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தவர் டென்னி ஓ'நீல்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் பொம்மையை வைத்து நிகழ்ச்சி எடுத்தால் அதையே விளம்பரம் என்று சொல்லிவிடுவார்கள். 1969-இல் வந்த 'ஹாட் வீல்ஸ்' கார்ட்டூனுக்கு அப்படித்தான் பிரச்சினை வந்தது. 1980-களில் அந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. உடனே 1983-இல் 'ஹீ-மேன்', 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று வரிசையாக வந்துவிட்டன.

அக்காவுக்கு ஒரு மார்க்!

நான் கண்டுபிடித்த தடயங்கள்

பொம்மைக் கடை கதைக்குள் எப்படிப் புகுந்திருக்குன்னு, பார்க்கும்போதே கண்டுபிடிக்கலாம். நான் நோட்டில் குறித்து வைத்ததில் நான்கு மட்டும்:

1. ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் என்று மூன்று போர் விமானங்கள். மூன்றுக்கும் ஒரே முகம், ஒரே உடம்பு. நிறம் மட்டும் வேற. ஏன்? ஒரே அச்சில் ஊற்றி மூன்று நிறத்தில் விற்றால் செலவு குறைவு! ஆட்டோபாட்டுகளில் புரோல், புளூஸ்ட்ரீக், ஸ்மோக்ஸ்கிரீன் மூணு பேரும் இதே கேஸ்தான்.

2. மெகாட்ரான் துப்பாக்கியாக உருமாறினால் குட்டியாகி ஸ்டார்ஸ்கிரீம் கைக்குள் அடங்கிவிடுவார். சவுண்ட்வேவ் நம்ம கையில் பிடிக்கிற அளவு கேசட் பிளேயராக மாறுவார். (கேசட்னா என்னன்னு அப்பாகிட்ட கேளுங்க.) அவ்வளவு பெரிய ரோபோ எப்படிச் சுருங்கும்? காரணம் சுலபம். டயாகுளோனில் கார்கள், விமானங்கள் எல்லாம் சின்ன மாடல்கள். மைக்ரோ சேஞ்சில் துப்பாக்கியும் கேசட்டும் வீட்டில் இருக்கிற பொருள் மாதிரியே செய்தவை. இரண்டையும் ஒரே கதையில் போட்டதால் அளவு இடிக்குது. கார்ட்டூன்காரங்க "சுருங்கிடுவார்"னு சமாளிச்சுட்டாங்க!

3. ஜெட்ஃபயர் என்ற பொம்மை வேறொரு ஜப்பானியக் கம்பெனி செய்தது. அதனால் உரிமைப் பிரச்சினை. கார்ட்டூனில் அதே பாத்திரம் உருவம் மாறி, 'ஸ்கைஃபயர்' என்று பெயரும் மாறி வருகிறது. கடையில் ஒரு பெயர், டிவியில் ஒரு பெயர்.

4. புது ஆட்கள் திடீர் திடீர்னு வந்து நிற்பாங்க. நேற்றுவரை இல்லாதவன் இன்னைக்கு ரொம்ப நாள் பழகினவன் மாதிரி பேசுவான். எங்கிருந்து வந்தான்னு யாரும் கேட்கமாட்டாங்க. கடையில் இருந்துதான் வந்தான்!

அக்காவுக்கு நாலு மார்க். இப்போ என் பக்கம்.

தலை இல்லாத பொம்மை

அயர்ன்ஹைடு என்று ஒரு சிவப்பு வேன். ஆப்டிமஸுக்குப் பக்கத்திலேயே நிற்கிற வயசான வீரர். எப்பவும் சிடுசிடு, ஆனா யாருக்காவது ஆபத்துன்னா முதல் ஆளா ஓடுவார். எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவருடைய 1984 பொம்மையின் படத்தைப் பார்த்து அதிர்ச்சியாயிட்டேன். அந்த ரோபோவுக்குத் தலையே இல்லை! தலை இருக்க வேண்டிய இடத்தில் வண்டியின் சீட். அதில் முகம் மாதிரி ஒரு ஸ்டிக்கர். அவ்வளவுதான். அதே அச்சில் வந்த டாக்டர் ராட்செட்டுக்கும் அதே கதி. அவர் வெள்ளை ஆம்புலன்ஸ்.

அப்போ நான் பார்த்துப் பழகின அந்த முகத்தை யார் கொடுத்தது? கார்ட்டூன் வரைந்தவர்கள். அந்தக் குரலை யார் கொடுத்தது? பேசிய நடிகர். பொம்மை விற்கிறதுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஆனா கதை சொல்ல உட்கார்ந்தவங்களால ஸ்டிக்கரோட விட முடியலை.

ஆப்டிமஸின் குரலும் அப்படித்தான். குரல் கொடுத்த பீட்டர் கல்லன், அந்த வேலைக்குத் தேர்வுக்குப் போகும்போது தன் அண்ணன் லாரியிடம் சொல்லியிருக்கிறார். லாரி வியட்நாம் போரில் இருந்து திரும்பியவர். நிஜ வீரன் கத்தமாட்டான், பலசாலியா இருந்தா மென்மையா இருக்கவும் தெரியணும் என்கிற மாதிரி அண்ணன் சொல்ல, கல்லன் அண்ணனுடைய தன்மையையே குரலில் கொண்டு வந்துவிட்டார். அதனால்தான் ஆப்டிமஸ் எவ்வளவு பெரிய சண்டையிலும் அதட்டாமல் பேசுகிறார். விளம்பரத்துக்குள்ளே ஒரு அண்ணன் புகுந்துவிட்டார், பாருங்க!

1986: லாரி சாம்பல் நிறமானது

1986 ஆகஸ்டில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி' என்ற முழுநீள கார்ட்டூன் படம் அமெரிக்காவில் வெளிவந்தது. (இதில் கிரகத்தையே விழுங்குகிற யூனிகிரானுக்குக் குரல் கொடுத்தவர், புகழ்பெற்ற இயக்குநர் ஆர்சன் வெல்ஸ். 1985 அக்டோபரில் அவர் இறந்துவிட்டதால் படத்தைப் பார்க்கவில்லை.)

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே புரோல், பிரான், ராட்செட் சாகிறார்கள். அயர்ன்ஹைடு கீழே விழுந்தும் மெகாட்ரானின் காலைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார். சுட்டுவிடுகிறான். அப்புறம் ஆப்டிமஸும் மெகாட்ரானும் நேருக்கு நேர். ஆப்டிமஸ் படுகாயத்தோடு படுத்திருக்கிறார். தலைமைப் பொறுப்பை ஒப்படைக்கிறார். அவர் உடம்பில் இருந்த சிவப்பும் நீலமும் மெல்ல மெல்ல மங்கிச் சாம்பல் நிறமாகிவிடுகிறது.

தொடரில் அதுவரை எத்தனை குண்டு பட்டாலும் அடுத்த வாரம் எழுந்து வந்துடுவாங்க. இங்கே எழுந்திருக்கலை.

ஏன் கொன்றார்கள்? கதைக்காக இல்லை. 1984, 1985 பொம்மைகள் விற்று முடிந்துவிட்டன. 1986-க்குப் புதுப் பொம்மைகள் தயார். கடை அலமாரியில் புது ஆளுக்கு இடம் வேணும். பழைய ஆட்களைக் கதையில் இருந்து காலி பண்ணிட்டாங்க! ஆப்டிமஸைச் சுட்டது வேண்டுமானால் மெகாட்ரானாக இருக்கலாம். கொன்றது பொம்மைக் கடை அலமாரி.

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்லணும். அவன் ரெண்டாம் வகுப்பு. நான் இந்தக் கட்டுரைக்காகப் படத்தைத் திரும்பப் போட்டபோது அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். சாம்பல் நிறம் ஆகும்போது "ஆஃப் பண்ணுண்ணா"ன்னு அழுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "லூசு, அது வெறும் பொம்மை விளம்பரம்டா, அதுக்குப் போய் அழுறியா?" என்று சிரித்தேன். அக்கா கட்டுரையில் இருந்த அதே வரி! அவன் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டான். அன்னைக்கு ராத்திரி என்கூடச் சாப்பிடவும் வரலை.

யார் திருப்பிக் கொண்டு வந்தது?

அமெரிக்காவில் என்ன ஆச்சுன்னு அப்புறம்தான் படித்தேன். தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள். பெற்றோர்களுக்குக் கோபம். கம்பெனிக்குக் கடிதங்கள் வந்தன. பழைய சரக்கு என்று நினைத்து எடுத்துவிட்டார்கள். அது ஒரு குழந்தைக்கு அப்பா மாதிரி, அண்ணன் மாதிரி ஆகிவிட்டது என்று விற்றவர்களுக்கே தெரியவில்லை!

இரண்டு விஷயங்கள் நடந்தன. அதே ஹாஸ்ப்ரோவின் 'ஜி.ஐ. ஜோ' படத்தில் டியூக் என்ற நாயகன் சாவதாக எழுதியிருந்தார்கள். பயந்துபோய், அவன் சாகவில்லை, கோமாவில் இருக்கிறான் என்று வசனத்தால் மாற்றிவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியும். காட்சி சாவு மாதிரி இருக்கும், வசனம் மட்டும் வேற சொல்லும்! இரண்டாவது, 1987-இல் இரண்டு எபிசோடு கதையாக ஆப்டிமஸ் உயிரோடு திரும்பி வந்தார். கொன்றது கடை. திருப்பிக் கொண்டு வந்தது குழந்தைகள்.

கம்பெனிக்கு அதிலும் லாபம்தானே என்று அக்கா கேட்கலாம். நியாயமான கேள்வி. லாபம்தான். ஆனா கம்பெனி போட்ட கணக்கு தப்புன்னு காட்டினது அந்தக் கண்ணீர்தானே?

பாடம் கற்றுக்கொண்டார்களா?

ஒரு உதாரணம் மட்டும். 1996-இல் 'பீஸ்ட் வார்ஸ்' வந்தது. கனடாவில் கம்ப்யூட்டரில் செய்த தொடர். இதிலும் பொம்மைதான் முதலாளி. ஆனா கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாத்திரத்தையும் உருவாக்க நிறைய செலவு. அதனால் ஆட்கள் குறைவு. ஆட்கள் குறைந்ததும் ஒவ்வொருவனையும் ஆழமாக எழுத இடம் கிடைத்துவிட்டது!

அதில் டைனோபாட் என்று ஒருவன். கட்சி மாறி வந்தவன். யாரும் முழுசா நம்பாதவன். 1998-இல் வந்த எபிசோடில், பூமியின் ஆதி மனிதர்களைக் காப்பாற்றத் தனி ஆளாக எல்லா எதிரிகளோடும் மோதிச் சாகிறான். இந்தச் சாவு அலமாரிக்காக எழுதியது மாதிரித் தெரியவே இல்லை. அவன் வாழ்ந்த வாழ்க்கைக்கு முடிவாக இருக்கு. பீட்டர் கல்லனும் 2007-இல் வந்த சினிமாவில் திரும்ப ஆப்டிமஸ் ஆனார். 40-ஆம் ஆண்டான 2024-இல்கூட 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்' என்று ஒரு அனிமேஷன் படம் வந்தது. ஆப்டிமஸும் மெகாட்ரானும் முதலில் நண்பர்களாக இருந்த கதை. அலமாரி மாறிக்கிட்டே இருக்கு. அந்த ரெண்டு பேர் மட்டும் மாறலை.

அக்காவுக்கும் தம்பிக்கும்

அக்கா, நீங்க சொன்னது சரி. அது விளம்பரம்தான். பார்க்கும்போது அது தெரிஞ்சிருக்கணும். அப்பாவிடம் பொம்மை கேட்டு அடம் பிடிக்கிறதுக்கு முன்னாடி, இந்த ஆசை எங்கிருந்து வந்ததுன்னு யோசிக்கணும். நானும் அடம் பிடிச்சிருக்கேன். திருவிழாக் கடையில் வாங்கின உருமாறும் ரோபோ, வீட்டுக்கு வந்து இரண்டாவது தடவை திருப்பும்போதே கை ஒடிஞ்சு போச்சு. ஆனா விளம்பரம் என்று தெரிந்த பிறகும் அந்த முகமும் குரலும் பொய்யாகிவிடலை. தலையில்லாத பொம்மைக்கு ஒருத்தர் முகம் வரைந்தது நிஜம். அதைப் பார்த்து ஒரு குழந்தை அழுததும் நிஜம்.

மறுநாள் தம்பியிடம் எல்லாத்தையும் சொன்னேன். கடைக்காகக் கொன்றதையும் சொன்னேன், உன்னை மாதிரிப் பசங்க அழுததால்தான் திருப்பிக் கொண்டு வந்தாங்க என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ அழுதா தப்பில்லல்ல?" என்று கேட்டான்.

"தப்பில்லடா"ன்னேன். நான் சிரிச்சதுதான் தப்பு.

இப்போ ரெண்டு பேரும் சேர்ந்து, அவர் திரும்பி வர்ற எபிசோடு வரைக்கும் பார்த்துக்கிட்டு வர்றோம். நீங்களும் உங்களுக்குப் பிடிச்ச கார்ட்டூனைப் பாருங்க. எது கடை, எது கதைன்னு நோட்டில் எழுதிப் பாருங்க. எழுதி ஆசிரியர் குழுவிடம் கொடுத்தால் அடுத்த இதழில் போடுவாங்க.



– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்