மறைந்த விமானமும் காத்திருக்கும் மனைவியும்

2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் 239 பேருடன் மறைந்தது. கடத்தப்பட்டது, விமானியே வீழ்த்தினார், தீவொன்றில் மறைவாக இறக்கப்பட்டது என ஊகங்கள் பெருகின. பிள்ளைகளை அயல்நாட்டு வேலைக்கு அனுப்பிவைத்த நம் அரியலூர், பெரம்பலூர்த் திண்ணைகளுக்கு இத்தகைய பேச்சு புதிதன்று. பேசுவோர்க்குப் பொழுதுபோக்கு, கேட்பவள் அதில் சென்றவரின் மனைவியாயின்?

2015 ஜனவரியில் மலேசிய அரசு, அனைவரும் மாண்டதாகக் கருதப்படுவர் என அறிவித்தது. அவ்வாண்டு ஜூலையில்தான் ரீயூனியன் தீவில் இறக்கைத் துண்டொன்று ஒதுங்கிற்று. காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றது 2018-ஆம் ஆண்டின் விசாரணை அறிக்கை.

திருச்சபைச் சட்டத்தின் 1707-ஆம் விதி இத்தகையோரை மறக்கவில்லை. துணைவர் நெடுங்காலம் திரும்பாமை மட்டும் போதாது. ஆயர் தக்கவாறு விசாரித்து, மனந்தெளிந்த பின்னரே அவரை இறந்தவராகக் கருதி அறிவிப்பார். மறுமணம் அதன் பின்னரே. அதுவரை, திரும்பிவர வேண்டி மன்றாடுவதா, நித்திய இளைப்பாற்றிக்காகவா என்பதே அவள் வேதனை.