உங்களுக்குத் தெரியுமா? முதுமையில் தளரும் அறிவும் தளராத அறிவும்

முதுமை எல்லாச் சிந்தனைத் திறன்களையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. புதிய செய்தியை விரைந்து உள்வாங்கும் ‘நெகிழ் அறிவு’ நடுவயதுக்கு முன்பே தளரத் தொடங்க, அனுபவத்தால் சேரும் ‘திரண்ட அறிவு’ அறுபதைக் கடந்தும் பெரும்பாலோரிடம் நிலைக்கிறது என்று, உளவியலாளர் ரேமண்ட் கேட்டலின் பகுப்பைப் பின்பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. கைப்பேசியில் பணம் அனுப்பத் தடுமாறும் முதியவர் ஒருவர், திரேஸ்புரம் கடற்கரையில் சங்கு குளித்தே வாழ்ந்தவராயின், ‘நீவாடு’ எனப்படும் நீரோட்டத்தையும் ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகள் கிடக்கும் இடத்தையும் பிசகின்றிச் சொல்ல இயல்வது இதனால்தான்.

இத்தகையோரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் நினைவாற்றலை எழுத்தறிவைச் சார்ந்த தேர்வால் அளப்பது நியாயமன்று. 1990களில் வடஇந்தியச் சிற்றூர் முதியோருக்கென உருவான இந்தி மனநிலைத் தேர்வு, வழக்கமான தேர்வைப் போல் ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்வதை விடுத்து, வாரத்தின் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லுமாறு கேட்டது.

படிப்பின்மை மட்டுமே மூளையின் விதியைத் தீர்மானித்துவிடுவதும் இல்லை. சுவர்ணா அல்லாடி குழுவினர் ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, டிமென்ஷியா எனும் மறதிநோய், ஒருமொழியினரைவிட இருமொழி பேசுவோருக்குச் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகவே தோன்றியது. எழுதப் படிக்கத் தெரியாதோரிடமும் இந்தத் தாமதம் காணப்பட்டது.