மணலுக்குள் வந்த மட்டி

திண்டுக்கல்லில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் மட்டி ஓட்டைப் பார்க்காத பிள்ளைகள் இந்த ஊரில் குறைவு. வீடு கட்டுகிற இடத்தில் கொட்டிக் கிடக்கும் ஆற்று மணலைக் கையால் அளைந்தாலே போதும், இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும் முக்கோண ஓடுகள் அகப்படும். பலரும் அதைக் கடல் சிப்பி என்றே நினைக்கிறார்கள். அது ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த கார்பிகுலா என்ற மட்டி.

(எம்-சாண்டில் இதைத் தேட வேண்டாம். பாறையை உடைத்து அரைத்த பொடியில் ஓடு இருக்க வழியில்லை.)

எது ஆற்று ஓடு, எது கடல் ஓடு என்று நிறத்தை நம்பிச் சொல்லிவிட முடியாது. வெயிலும் உராய்வும் சேர்ந்து எல்லா ஓட்டையும் வெளுக்க வைத்துவிடும். விரலால் தடவிப் பார்ப்பது மேல். கார்பிகுலாவின் முதுகில் நெருக்கமான வரம்புகள் வளைவு வளைவாக ஓடும், நகம் தட்டும். பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக் கழிமுகத்தில் கிடைக்கும் மெரெட்ரிக்ஸ் மட்டியும் முக்கோணம்தான், ஆனால் முதுகு வழவழவென்று இருக்கும்.

அடுத்து ஓட்டைத் திருப்ப வேண்டும். இரண்டு ஓடுகளும் சேரும் உச்சிக்குக் கீழே, கதவுக் கீல் போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் பற்கள் இருக்கும். கார்பிகுலாவில் நடுவே மூன்று சிறு பற்கள், இரு பக்கமும் நீண்ட பற்கள். இந்த நீண்ட பற்களை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரம் போன்ற நுண்ணிய வெட்டுகள் தெரியும். மெரெட்ரிக்ஸுக்கு இத்தகைய நீண்ட அரப்பற்கள் கிடையாது.

ஓட்டின் உச்சிக்குப் பக்கத்தில் வட்டமான ஒரு துளை இருந்தால், அதன் விளிம்பைக் கவனியுங்கள். வெளியே அகன்று உள்ளே குறுகிச் சீராக இருந்தால், நாட்டிகா என்ற கடல் நத்தை துளைத்து உள்ளிருந்த சதையைத் தின்றிருக்கிறது. அந்த ஓடு கடலில் இருந்தோ கழிமுகத்தில் இருந்தோ வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். விளிம்பு கோணல்மாணலாக இருந்தால் வெறும் தேய்மானம்.

கார்பிகுலா என்ற இந்த ஆசியச் சிறு மட்டி இனத்துக்கு உலகம் முழுக்கப் பெயர் உண்டு, நல்ல பெயர் அல்ல. 1938-இல் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் உயிரோடு காணப்பட்ட கார்பிகுலா ஃப்ளூமினியா, பிறகு அந்நாடெங்கும் பரவியது. 1980-இல் ஆர்கன்சா அணுமின் நிலையத்தின் குளிர்நீர்க் குழாய்களை அடைத்து, உலையையே நிறுத்த வைத்தது.

நம் குளங்களிலும் கண்மாய்களிலும் கிடக்கும் பெரிய சிப்பி வேறு சாதி. உள்ளங்கை நீளம் வளரும். வெளியே கரும்பழுப்பு, உள்ளே முத்துப் பளபளப்பு. அதன் பெயர் லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ். ஒடிசாவின் புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நன்னீர் முத்து வளர்ப்பதற்கு இந்தச் சிப்பியைத்தான் பயன்படுத்துகிறது.

எனக்கு வியப்பு தருவது உறவுமுறை. கார்பிகுலாவும் லாமெல்லிடென்ஸும் நன்னீர் வாசிகள்தான். ஆனால் கார்பிகுலாவுக்கு நெருங்கிய சொந்தம் கடல்புறத்து மெரெட்ரிக்ஸ். கார்பிகுலா ஓட்டின் உட்புறம் பீங்கான் போல மங்கலாக இருப்பதும், குளத்துச் சிப்பி மட்டும் மினுங்குவதும் அதனால்தான்.

குளத்துச் சிப்பி மீனை நம்பிப் பிழைக்கிறது. அதன் குஞ்சுகள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில நாள் இருந்து, பிறகுதான் சேற்றில் இறங்கித் தனியே வாழும். மீன் இல்லாத குளத்தில் அடுத்த தலைமுறைச் சிப்பி வராது. வளர்ந்த சிப்பி தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் பாசியையும் கசடையும் வடித்து வெளியே விடுகிறது. குளம் தெளிந்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

ஆகவே, கண்மாய்க் கரையில் வாயை இறுக்கி மூடிய சிப்பி கிடந்தால் அது உயிரோடு இருக்கக்கூடும், நீரிலேயே விட்டுவிடுங்கள். வெறும் ஓடு என்றால் வீட்டுக்கு எடுத்து வந்து, பிள்ளைகள் கையில் ஒரு லென்ஸையும் கொடுங்கள்.