நான்கு சக்கரங்களின் பங்கீடு

சாத்தூரைக் கடந்து கோவில்பட்டி வழியே கயத்தாறு நோக்கி ஓடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கரிசல் நிலத்தை ஏறத்தாழ நேராக அறுத்துச் செல்கிறது. மலையேற்றமும் கொண்டை ஊசி வளைவும் இல்லாத இச்சாலையில் விரைவு தானே கூடும். எந்திரத்தின் ஆற்றலைக் கூட்டிக்கொண்ட மகிழுந்துக்காரர் அடுத்து நாடுவது பிரேக்கை. பெரிய வண்டியின் டிஸ்க்கையும் அதைக் கவ்வும் காலிப்பரையும் கழற்றிச் சிறிய வண்டியில் பூட்டினால், வண்டி முன்னினும் குறைந்த தொலைவில் நிற்கும் என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. இந்நம்பிக்கைக்கு இயற்பியலில் இடம் இல்லை.

ஓடும் வண்டியை நிறுத்துவது முடிவில் டயர் சாலையைப் பற்றும் பிடிப்பே. மணிக்கு 100 கி.மீ. விரைவில் செல்லும் வண்டி, உராய்வெண் 0.8 உள்ள உலர்ந்த தார்ச்சாலையில், நான்கு டயர்களின் பிடிப்பையும் முழுமையாகப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 49 மீட்டரில் நிற்கும். இக்கணக்கில் விரைவும் உராய்வெண்ணும் புவியீர்ப்பும் மட்டுமே நுழைகின்றன. டிஸ்க்கின் விட்டம் எங்கும் வருவதில்லை. சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டும் அளவுக்குப் பிரேக்கிற்கு வலிமை இருந்தால் போதும்; செம்மையான நிலையில் உள்ள எந்த வண்டியின் பிரேக்கிற்கும் அது உண்டு.

ஆயின் பெரிய டிஸ்க் எதற்கு? வெப்பத்தைத் தாங்குவதற்கு. 1000 கிலோ எடையுள்ள வண்டி 100 கி.மீ. விரைவில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 3.86 லட்சம் ஜூல். 140 கி.மீ. விரைவில் அது 7.56 லட்சமாக, ஏறத்தாழ இருமடங்காகிறது. இவ்வாற்றல் முழுவதும் வெப்பமாகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முன் டிஸ்க்குகளில் இறங்குகிறது. டிஸ்க் ஒன்றின் எடை 5 கிலோ எனில், 100 கி.மீ. விரைவிலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது அதன் வெப்பநிலை 65 பாகைக்குச் சற்று மேல் உயரும். 8 கிலோ டிஸ்க்கில் உயர்வு 41 பாகை. இரண்டுமே வார்ப்பிரும்புக்குப் பொருட்டல்ல. ஆனால் அதே வண்டி 1000 மீட்டர் உயர மலையிலிருந்து இறங்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டிய ஆற்றல் 98 லட்சம் ஜூல். அதில் எந்திரத்தின் எதிர்ப்பால் கழிவது போக மீதமெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். வால்பாறையிலிருந்து ஆழியாற்றுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளும், 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையும், வளைவுதோறும் மிதித்து ஓட்டும் பந்தயத் தடமும் பெரிய டிஸ்க்கிற்கு உரிய களங்கள். ஒருமுறை மிதித்துவிட்டுப் பல கல் தொலைவு காற்றில் ஆறவிடும் கோவில்பட்டிச் சாலை அத்தகைய களம் அன்று.

பயன் இல்லை என்பதோடு நின்றால் கவலை இல்லை. கேடும் உண்டு, அக்கேடு முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையிலான தடைவிசைப் பங்கீட்டில் ஒளிந்திருக்கிறது.

பருத்திப் பொதியை மாட்டுவண்டியில் ஏற்றும் கரிசல் உழவர் முன்பாரம், பின்பாரம் பார்த்தே ஏற்றுவார். மகிழுந்திலும் பாரம் உண்டு. ஆனால் மிதிக்கும்போதெல்லாம் அது இடம் பெயர்கிறது. நின்ற நிலையில் முன்சக்கரங்கள் 600 கிலோவும் பின்சக்கரங்கள் 400 கிலோவும் தாங்கும் வண்டி ஒன்றைக் கருதுவோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் உள்ளது, இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2.4 மீட்டர். உலர்சாலையில் 0.8 அளவு பிடிப்புடன் நிறுத்தும்போது 183 கிலோ பாரம் முன்னே சாய்கிறது. அப்போது முன்பாரம் 783, பின்பாரம் 217. வழுக்கும் சாலையில், பிடிப்பு 0.3 ஆகத் தாழ்ந்தால், சாய்வது 69 கிலோ மட்டுமே. முன்பாரம் 669, பின்பாரம் 331. ஒரே வண்டிக்கு உலர்நாளில் ஒரு பங்கீடும் மழைநாளில் வேறொரு பங்கீடும் தேவைப்படுகின்றன. வடிவமைப்பாளர் இவ்விரண்டையும் எண்ணியே முன்னுக்கு 79, பின்னுக்கு 21 என்பதுபோல் ஒரு பங்கீட்டைத் தேர்கிறார். முன்சக்கரங்கள் சற்றே முந்திப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். பின்சக்கரங்கள் முந்தினால் வண்டி பம்பரமாகச் சுழன்றுவிடும்.

இப்போது முன்னே மட்டும் பெரிய வண்டியின் உறுப்புகளைப் பூட்டுவோம். காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 48 மி.மீ.யிலிருந்து 54 ஆகிறது. பரப்பு 27 விழுக்காடு கூடுகிறது. பேடு டிஸ்க்கைக் கவ்வும் ஆரம் 105 மி.மீ.யிலிருந்து 120 ஆகிறது. இரண்டும் பெருகி, அதே மிதிக்கு முன்சக்கரத்தின் தடைவிசை 45 விழுக்காடு கூடுகிறது. பங்கீடு 84.5-க்கு 15.5 ஆகத் திரிகிறது. பின்சக்கரங்கள் தம்மிடம் உள்ள பிடிப்பில் பாதியைக்கூடச் செலவிடாத நிலையில் முன்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் காலமும் வருகிறது. முன்சக்கரம் பூட்டாதவாறு மிதிக்கக்கூடிய எல்லையைக் கொண்டு கணக்கிட்டால், 100 கி.மீ. விரைவிலிருந்து உலர்சாலையில் 50 மீட்டரில் நின்ற வண்டி 54 மீட்டரில் நிற்கிறது. வழுக்குசாலையில் 158 மீட்டர் 170 ஆகிறது. பணம் செலவழித்துப் பெற்றது பன்னிரண்டு மீட்டர் கூடுதல் ஓட்டம்.

வழுக்குசாலை என்பது இப்பக்கத்தில் கற்பனை அன்று. கரிசலில் மிகுந்துள்ள மாண்ட்மொரில்லோனைட் களிமம் நீரை உறிஞ்சி வீங்கும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் உளுந்தும் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கும் புஞ்சைகளிலிருந்து ஏறிவரும் டிராக்டர்கள், டயரில் ஒட்டிய சகதியைத் தார்மேல் அப்பிச் செல்கின்றன. மழைத்தூறல் அதன்மேல் விழுந்தால் தாரின் சொரசொரப்பு மறைந்து ஒரு மெல்லிய பசைப்படலம் மட்டுமே டயருக்குக் கிட்டுகிறது. சகதி காய்ந்தபின் காலிப்பரின் நகர்முளைகளில் இறுகி, ஒருபக்கப் பேடு மட்டும் தேயவும் வழிசெய்கிறது. அழகுக்காகப் பூட்டும் துளையிட்ட டிஸ்க்கின் துளைகளையும் அது அடைத்துவிடும்.

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய மகிழுந்துகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். பூட்டும் சக்கரத்தின் அழுத்தத்தை அது நொடிக்குப் பலமுறை விடுவித்து, பின்சக்கரங்களின் பங்கைத் தானே திருத்துவதால் மேற்கண்ட இழப்பு குறையும். ஆனால் அதன் அடைப்பிதழ்கள் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பது பழைய காலிப்பர் கொள்ளும் ஆயிலின் அளவைக் கொண்டு வகுக்கப்பட்டது. பிஸ்டன் மாறினால் அந்தக் கணக்கும் பிழைபடும்.

பெரிய பிஸ்டன் கூடுதல் ஆயிலைக் கேட்பதால் மிதி ஆழமாக இறங்கும். அதைச் சரிசெய்யப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் மாட்டுவார்கள். மிதி கெட்டிப்படும், ஆனால் முன்னும் பின்னும் அழுத்தம் ஒரே அளவில் குறைவதால் திரிந்த பங்கீடு திரிந்தபடியே இருக்கும். பொருத்தத்திலும் இடர் உண்டு. ஒரே குழுமத்தைச் சேர்ந்தவையாயினும், போலோ மகிழுந்தின் ஐந்து சக்கரப் போல்ட்டுகளும் 100 மி.மீ. விட்ட வட்டத்தில் அமைந்தவை. பிற்கால ஆக்டேவியாவுக்கு அது 112. இந்த 12 மி.மீ.க்காக டிஸ்க்கில் புதிதாய்த் துளையிடுவது, உயிரைத் தாங்கும் இரும்பைக் கண்மதிப்பால் வெட்டுவதாகும். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

உறுப்புகளைக் கடன்வாங்குவதே குற்றம் என்பதன்று என் கருத்து. 1953-இல் லெ மான் பந்தயத்தை வென்ற ஜாகுவார் சி-டைப்பின் டன்லப் டிஸ்க் பிரேக்கிற்கு மூலம் வானூர்தியில் இருந்தது. நம் கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், சோழவரத்தின் போர்க்கால ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர். 1988-இல் அவர், எளிய மாருதி மகிழுந்தின் எந்திரத்தைக் கொண்டு ஃபார்முலா மாருதி எனும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். பின்னாளில் 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக விளங்கிய நாராயண் கார்த்திகேயன் தொடக்கத்தில் பழகியவற்றுள் அவ்வண்டியும் ஒன்று. கரிவரதன் 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. கடன்வாங்கிய உறுப்பைச் சுற்றி முழு வண்டியையும் புதிதாய் வகுத்தது அவர் வழி. அத்தகைய பந்தய வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் வைத்து, இரண்டையும் இணைக்கும் சமன்தண்டைத் திருகிப் பங்கீட்டை மாற்றுவது வழக்கம். சாலை வண்டியில் உறுப்பை மட்டும் மாற்றுவோர்க்கு இந்தத் திருகு கிட்டுவதில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. சட்டத்துக்கு உட்பட்டே செய்யத்தக்கவை நிறைய உண்டு. முதற்செலவு நல்ல டயருக்கு. அடுத்தது பிரேக் ஆயில்: டாட் 4 வகை ஆயில், ஈரமேறாதபோது குறைந்தது 230 பாகையில் கொதிக்கும், ஈரம் உறிஞ்சியபின் அது 155 வரை தாழலாம். ஆகவே ஈராண்டுக்கொருமுறை மாற்றுவது நலம். பேடின் விளிம்பில் அச்சிட்ட இரு ஆங்கில எழுத்துகளையும் பார்த்து வாங்க வேண்டும். முதலெழுத்து குளிர்நிலை உராய்வையும் அடுத்தது சூட்டுநிலை உராய்வையும் குறிக்கும். ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. முன்னே ‘ஜி’யும் பின்னே ‘ஈ’யும் கலந்து மாட்டினால், காலிப்பரைத் தொடாமலே பங்கீடு திரிந்துவிடும். முன்னும் பின்னும், இடமும் வலமும், அந்த வண்டிக்கென வகுத்த எழுத்துகளையே கேட்டு வாங்குக.