ஐந்து முன்னோர் குத்து

குங்ஃபூ என்றதும் நம் கண்ணில் வருவது அந்தரத்தில் பறந்து உதைக்கும் ஒரு கால். புரூஸ் லீயும் ஜாக்கி சானும் டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்து நம் மனத்தில் ஒட்டிவைத்த படம் அது. அந்த நினைப்போடு தென்சீனத்தின் ஃபுஜியன் மாநிலத்துக்கு, குவான்சோ நகரத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றுக்குப் போனால் ஏமாற்றம்தான். யாரும் குதிக்க மாட்டார்கள். இடுப்புக்கு மேலே கால் போவதே அபூர்வம். முழங்கையை விலாப்பக்கம் ஒடுக்கி, தோளைத் தொங்கவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் மூன்றடி முன்னே போவார்கள், பின்னே வருவார்கள், மறுபடி முன்னே போவார்கள். சீனத்தின் பொதுமொழியில் இந்தக் கலைக்கு வூசூச்சுவான் என்று பெயர். அந்த ஊர் ஹொக்கியன் பேச்சில் ங்கோ சோ குன். ஐந்து முன்னோர் குத்து என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

யார் அந்த ஐவர்? பொதுவாகச் சொல்லும் பட்டியல் இது: 960இல் சோங் அரச மரபைத் தொடங்கிய பேரரசர் தாய்சூ, லோஹான் எனப்படும் பௌத்த ஞானியர், குரங்கு, வெள்ளைக் கொக்கு, கடைசியாக நமக்குத் தெரிந்த ஒருவர், போதிதர்மர். பேரரசரிடமிருந்து உறுதியான காலடி, ஞானியரிடமிருந்து உடல்கட்டு, குரங்கிடமிருந்து சுறுசுறுப்பு, கொக்கிடமிருந்து கைவிரல் நுட்பம், போதிதர்மரிடமிருந்து மூச்சு என்று பங்கு பிரித்துச் சொல்வார்கள். சில மரபுகளில் ஒரு பெண் தெய்வமும் சேர்ந்துகொள்கிறாள். எண்ணிக்கை ஆறாகிவிட்டாலும் பெயர் ஐந்திலேயே நிற்கிறது. அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

போதிதர்மர் பெயரைக் கேட்டதும் நமக்குக் காதில் தேன் பாயும். 2011இல் வந்த ‘7ஆம் அறிவு’ படத்துக்குப் பிறகு, காஞ்சிபுரத்துக்காரர்தான் சீனர்களுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பது நம் ஊரில் ஏறக்குறைய முடிந்துபோன விஷயம். வரலாற்றாசிரியர்கள் அப்படி நினைக்கவில்லை. 547ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் சண்டைக்கலை பற்றி ஒரு சொல்கூட இல்லை. உடற்பயிற்சியையும் போதிதர்மரையும் முடிச்சுப்போட்ட ‘யீஜின் ஜிங்’ என்ற நூல் 1624ஐ ஒட்டி எழுதப்பட்டது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் அதற்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஆகவே ஐவர் பட்டியலில் அவர் இருப்பதை வம்சாவளிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. கலைக்குப் பெருமை சேர்க்கப் பெரியவர்கள் பெயரை முன்னால் வைக்கும் வழக்கமாகவே எனக்குப் படுகிறது. பேரரசரும் குரங்கும் ஒரே வரிசையில் நிற்பதிலிருந்தே இது தெரிய வேண்டும்.

குவான்சோவோடு தமிழருக்கு உள்ள நிஜமான உறவு வேறு. மார்க்கோ போலோ ‘சைத்தூன்’ என்று எழுதிய துறைமுகம் இதுதான். நம் வணிகர்கள் இங்கே வந்து தங்கி, சிவன் கோயில் கட்டி, 1281இல் தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கோயில் அழிந்துவிட்டாலும், நம் பாணியில் செதுக்கிய தூண்கள் அந்த ஊர்க் கையுவான் பௌத்தக் கோயிலில் நிற்கின்றன. குத்துச் சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தமிழர் பெருமை பேசத்தான் வேண்டுமென்றால், கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இந்தக் கல் இருக்கையில் புராணம் எதற்கு?

இந்தக் கலையை இன்றைய வடிவில் கோத்துக் கொடுத்தவர் என்று பெரும்பாலான குருகுலங்கள் சொல்லும் பெயர் சாய் யூமிங். ஹொக்கியனில் சுவா கியோக் பெங். குவான்சோவை அடுத்த ஜின்ஜியாங் பகுதிக்காரர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாழ்ந்தவர். அது தெற்கு ஃபுஜியனில் குலத்துக்குக் குலம், ஊருக்கு ஊர் ஆயுதம் எடுத்து மோதிக்கொண்ட காலம். பக்கத்து ஷியாமென் துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டு, பிழைப்புத் தேடிக் கப்பலேறுகிறவர் கூட்டம் பெருகிய காலமும்கூட. கையில் ஒரு தற்காப்பு தேவைப்பட்டது. அதைக் கற்றவர்கள் கடல் கடந்து போனார்கள். மணிலா, சிங்கப்பூர், மலேசியா என்று ஹொக்கியன்காரர்கள் குடியேறிய இடமெல்லாம் இது வேர்விட்டது அப்படித்தான். மணிலாவில் பெங் கியாம் என்ற சங்கம் பல பத்தாண்டுகளாக இதைக் கற்பித்துவருகிறது.

கலையின் உயிர் ‘சாம் சியென்’ என்ற ஒரே ஒரு பயிற்சி வரிசையில் இருக்கிறது. மூன்று போர்கள் என்று பொருள். பார்க்க ஒன்றுமே இல்லை போலிருக்கும். தோள் அகலத்துக்குக் கால் விரித்து, ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, முழங்காலை லேசாக மடக்கி நிற்க வேண்டும். தரையில் கொக்கிபோலப் பிடிக்கும் கால்விரல்கள். இடுப்பின் கீழ்நுனி உள்ளே மடங்கியிருக்கும், நெஞ்சு சற்றுக் குழிந்திருக்கும், முதுகு வில்லாக வளைந்திருக்கும். முழங்கைகள் இரண்டும் உடலின் நடுக்கோட்டை நோக்கி இறுகியிருக்கும். இந்த நிலை குலையாமல் முன்னே வழுக்கியபடி ஓரடி. கைகளை உள்ளே இழுத்து, வெளியே குத்த வேண்டும். அடுத்த அடி. அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ சரியாக வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும்.

மாணவர் இப்படி நிற்கும்போது ஆசான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பின்னாலிருந்து வந்து இரண்டு தோள்களையும் உள்ளங்கையால் பளாரென்று அறைவார். தோள் மேலே எகிறினால் தப்பு. தொடையைத் தட்டுவார், வயிற்றில் குத்துவார், நீட்டிய கையைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பார். கை மட்டும் தனியே அசைந்தால் உடம்போடு அது இணையவில்லை என்று அர்த்தம். தள்ளினால் ஆளே மொத்தமாக நகர வேண்டும், இல்லையென்றால் நகரவே கூடாது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்பதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது. மனித உடல் எடையில் ஒரு கையின் பங்கு ஏறக்குறைய 5 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. கையை மட்டும் வீசினால் எதிராளியின் மேல் மோதுவது பெரும்பாலும் அந்த 3 கிலோதான். தூரத்திலிருந்து ஓடிவந்து குத்துகிறவர் வேகத்தை வைத்து அதை ஈடுகட்டலாம். ஆனால் இந்தக் கலை நடப்பது முழங்கை தூரத்தில், எதிராளியின் கை நம் கையோடு உரசிக்கொண்டிருக்கும் நெருக்கத்தில். வேகமெடுக்க இடமே இல்லை. அதனால் எடையைக் கூட்டியாக வேண்டும். முழங்கை விலாவை ஒட்டியிருந்தால் முன்கை, தோள், முதுகு, இடுப்பு, கால், தரை என்று ஒரே தாங்குகோடு உருவாகிறது. கைக்குப் பின்னால் உடம்பும் சேர்ந்து வருகிறது. முழங்கை வெளியே விலகிய நொடியில் அந்தக் கோடு தோளில் முறிந்துவிடும். இரு கை, இரு கால், தலையோடு சேர்ந்த உடல் ஆகிய ஐந்தும் ஒரே கணத்தில் வேலை செய்வதை ‘ஐந்து உறுப்பு வலிமை’ என்கிறார்கள். முன்னோர் ஐவரைவிட இந்த ஐந்துதான் முக்கியம் என்பேன்.

விழுங்கு, உமிழ், மித, அமிழ். இந்த நான்கு சொற்களில் மொத்தப் போர்முறையையும் அடக்கிவிடுவார்கள். எதிராளியின் கை வந்தால் முட்டித் தடுக்காமல் உள்ளே இழுத்துக்கொள்வது விழுங்குதல். அவர் நிலைகுலைந்த அதே கணத்தில் திருப்பித் தருவது உமிழ்தல். அவருடைய கால் தரைப்பிடியை இழக்கும்படி மேலே தூக்கிவிடுவது மிதத்தல். அவர் கையைக் கீழே அழுத்திச் சாய்ப்பது அமிழ்தல். நான்கும் தனித்தனி அசைவுகள் அல்ல. தேர்ந்தவர் இருவர் கை பிணைத்துப் பயிலும்போது, எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது.

மூச்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குத்தும் கணத்தில் வயிற்றை இறுக்குவது முதுகெலும்புக்குத் தாங்கல் தருகிறது. பளு தூக்குகிறவர்கள் செய்வதும் இதைத்தான். ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டே இறுக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அழுத்த நோய் உள்ளவர்கள் வீடியோ பார்த்து வீட்டில் முயலாமல் இருப்பது நல்லது.

ஆயுதங்களும் உண்டு. வாள், ஈட்டியைவிட என்னை ஈர்ப்பவை வீட்டிலும் வயலிலும் கிடப்பவை: காவடித் தண்டு, மண்வெட்டி, உட்காரும் மரப்பெஞ்சு. பெஞ்சின் ஒரு பக்கக் கால்களைப் பிடித்துப் பலகையைக் கேடயமாக்கி, எதிராளியின் கத்தியை மறுபக்கக் கால்களுக்கு நடுவே சிக்கவைத்துத் திருகுவார்கள். விவசாயியிடம் வேறென்ன இருக்கும்!

சீனம் போகாமலே இதன் உறவுக்காரரை நம் ஊரில் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஒகினாவா தீவிலிருந்து ஃபுஜியனின் தலைநகரான ஃபூசோவுக்குப் போய்க் கற்றுவந்தவர்கள் இருந்தார்கள். ஹிகவோன்னா கன்ரியோ ஒருவர். 1897இல் கப்பலேறிய உவேச்சி கன்புன் இன்னொருவர். அவர்கள் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது ‘சான்சின்’. எழுத்தும் அதே, பொருளும் அதே மூன்று போர்கள். ஃபூசோவின் வடிவம் குவான்சோவின் வடிவத்துக்குப் பங்காளி முறை. ஹிகவோன்னாவின் மாணவர் மியாகி சோஜுன் உருவாக்கிய கோஜு ரியூ கராத்தே தமிழ்நாட்டிலும் கற்பிக்கப்படுகிறது. வெள்ளை உடுப்பில் பையன்கள் கால் பெருவிரலை உள்ளே திருப்பி நின்று, மூச்சைச் சத்தமாக விட்டுக்கொண்டு மெதுவாக மூன்றடி நடப்பது இந்தச் சான்சின்தான். ஒரு வித்தியாசம் கவனிக்கத் தக்கது. கோஜு ரியூவில் கை முஷ்டியாக மூடியிருக்கும். உவேச்சி மரபில் விரல்கள் விரிந்தே இருக்கும். குவான்சோவின் சாம் சியெனிலும் பெரும்பாலும் விரித்த கைதான். மூடிய முஷ்டியால் குத்த மட்டுமே முடியும். விரித்த கை எதிராளியின் மணிக்கட்டைத் தொட்டு, பிடித்து, இழுத்து, தள்ளவும் செய்யும்.